அடைக்கலப் பொருளும் மிகுபொருள் விரும்பாமையும்



இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியாக எண்ணப்படுவது மிகுபொருள் விரும்பாமை. வடமொழியாளர் இதனைப் பரிக்கிரக பரிமாணம் என்பர். கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் பற்றி நம் இல்லத்துச் சிறுவரும் தெளிவாகப் பேசுவர். இராவுண்ணாமையில் நம் பாட்டிமார் காட்டும் உறுதி ஊரறிந்தது. ஆயின் ஐந்தாம் விரதத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், 'அது துறவியர்க்கு அன்றோ' என்று மெல்ல விலகுவோரே நம்மில் மிகுதி. பொருளுக்கு வரம்பு கட்டிக்கொள்ளுதல் இல்லறத்தார்க்கென்றே வகுக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். முற்றத் துறந்தவர்க்கு வரம்பு எதற்கு? வரம்பு வேண்டுவது நமக்குத்தான்.

இவ்விரதத்தை இம்முறை ஒரு புதிய தொழிலின் வாயிலாகச் சிந்திப்போம். வீட்டில் இடங்கொள்ளாத பொருள்களை வைத்துக்கொள்ள, பூட்டும் சாவியும் வாடிக்கையாளரிடமே இருக்குமாறு, சிற்றறைகளை மாத வாடகைக்கு விடும் தொழில் அது. 'செல்ஃப் ஸ்டோரேஜ்' என்று அதனை அழைக்கின்றனர். 1964-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு டெக்சாஸ் மாநிலத்தின் ஒடெசா நகரில் இன்றைய வடிவில் தொடங்கிய இத்தொழிலுக்கு, அந்நாட்டில் மட்டும் இன்று ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட கிடங்குகள் உள்ளன. சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் அடுக்குமாடித் தொழிற்கூடங்கள் இத்தகைய அறைகளாகத் தடுக்கப்பட்டன. சென்னைக்கும் பெங்களூருக்கும் இத்தொழில் வந்துவிட்டது. அண்மைக் காலமாக இத்தொழிலை நடத்துவோர், தாம் சுற்றுச்சூழலைப் பேணுவதாகவும் கூறிக்கொள்கின்றனர். கூரைமேல் சூரிய மின்தகடுகள், ஆள் நடமாட்டம் உள்ளபோது மட்டும் எரியும் விளக்குகள், திரும்பப் பெறப்படும் அட்டைப் பெட்டிகள், கைவிடப்பட்ட பொருள்களை மறுபயனுக்கு அனுப்புதல் ஆகியவற்றை அதற்குச் சான்றாகக் காட்டுகின்றனர்.

இவை யாவும் நல்லனவே. ஆயினும் சிராவகன் ஒருவன் இத்தொழிலை, சான்றாகக் காரைக்காலில், தொடங்க எண்ணினால் நம் ஆகமங்கள் அவனுக்கு என்ன சொல்லும்? பிறருடைய பொருட்பற்றே இங்கு முதலாக நிற்கிறது. அம்முதலின்மேல் வரும் வருவாய் அறவழி வந்த பொருளாகுமா? மறுசுழற்சி செய்வதனால் அக்குற்றம் நீங்குமா?

காரைக்காலை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கரந்தை, கும்பகோணம், மன்னார்குடி, தீபங்குடி ஆகிய ஊர்களின் ஜினாலயங்களை வணங்கச் செல்வோர், கிழக்கே இன்னும் சற்றுச் சென்றால் அக்கடற்கரையை அடையலாம். 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்து, 1954-இல் இந்தியாவுடன் இணைந்த அப்பகுதியிலிருந்து பிரான்சில் குடியேறிய குடும்பங்கள் பல. சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றோரும் பலர். உரிமையாளர் கடல்கடந்து வாழ, வீடு மட்டும் பூட்டிக் கிடக்கும். உள்ளே தேக்குக் கட்டிலும் பித்தளை அண்டாவும் இரும்பு பீரோவும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சேமிப்பறைத் தொழில் என்ற பெயர்தான் இல்லையே தவிர, வீடே சேமிப்பறையாகிவிட்ட நிலையை அங்குக் காணலாம். மேலும் அது வணிகர் பதி. மாற்றுச் சமயத்தவராயினும் அவ்வூர் அம்மையார் வணிகர் குலத்துத் தோன்றி, செல்வத்தையும் இளமையையும் உதறிச் சென்றவர் என்பதை நாம் மதிப்புடன் நினைவுகூர்தல் தகும்.

பிறர் பொருளைக் காத்து வைத்தல் இக்கடற்கரைக்குப் புதிதன்று. காரைக்காலுக்கு வடக்கே தரங்கம்பாடியைக் கடந்தால் பூம்புகார். அங்கே சுங்கப் புலிப்பொறி இடப்பட்ட பொதிகள் குவிந்து கிடந்தமையைப் பட்டினப்பாலை கூறும். நம் சமயச் சான்றோராக நாம் போற்றும் இளங்கோவடிகள் இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். உரியவர் பெயரும் அளவும் எழுதப்பட்ட பொதிகள், வாயிலும் தாழும் காவலும் இன்றிக் கிடந்தன என்று இந்திரவிழவூரெடுத்த காதையில் காட்டுகிறார். பூட்டை நம்பிய காலம் அன்று அது. அதே காப்பியத்தில் ஆரியாங்கனையாகிய கவுந்தியடிகள், கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கு அடைக்கலக் காதை என்றே பெயர். தன்னிடம் அடைக்கலமாக விடப்பட்டவளைக் காக்க இயலாது போயிற்றே என்று அவ்விடைக்குல மூதாட்டி தீயில் வீழ்ந்தாள் என்பதையும் நாம் அறிவோம். அச்செயலை நம் அறம் ஏற்காது. எனினும் அடைக்கலம் என்னும் சொல் அந்நாளில் எத்துணைப் பாரம் உடையதாக இருந்தது என்பதற்கு அதனினும் பெரிய சான்று வேண்டா.

ஆகவே பிறர் பொருளைக் காத்துத் தருதல் தன்னளவில் பழிக்கத்தக்க தொழில் அன்று. அதற்குரிய ஒழுக்கத்தையும் நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி ஆசாரியர், வாய்மை என்னும் அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் ஒன்றாக 'நியாசாபகாரம்' என்பதை வைத்தார். நியாசம் என்பது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். அதற்கு உரை கண்ட பூஜ்யபாதர் தரும் விளக்கம் கூர்மையானது. பொன்னை ஒப்படைத்தவன் தான் வைத்த எண்ணிக்கையை மறந்து, குறைவாகக் கேட்கிறான். வாங்கி வைத்தவன் உண்மையை அறிந்தும் 'ஆம், அவ்வளவே' என்று இசைந்துவிடுகிறான். அவன் திருடவில்லை. பொய்யாக எதையும் புனையவும் இல்லை. பிறனுடைய மறதியைத் தனக்கு ஆதாயமாக்கிக்கொண்டான், அவ்வளவே. அதுவே குற்றம் என்கிறார் ஆசாரியர்.

இவ்விளக்கத்தை நம் காலத்துக்குப் பொருத்திப் பாருங்கள். எண்ணாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள பழைய கட்டிலையும் மேசையையும் ஒருவர் மாதம் ஆயிரம் ரூபாய் வாடகைக்கு வைத்தார் எனக் கொள்வோம். மூன்று ஆண்டுகளில் அவர் செலுத்தியது முப்பத்தாறாயிரம். உள்ளே என்ன இருக்கிறது என்பதையே அவர் மறந்துவிட்டார். வங்கிக் கணக்கிலிருந்து பணம் மட்டும் திங்கள்தோறும் தானே கழிகிறது. இங்கே பொருள் திருடப்படவில்லை என்பது உண்மை. ஆனால் வருவாய் முழுவதும் மறதியின் விளைச்சல். 'அவர் கேட்கவில்லை, நாம் சொல்லவில்லை' என்று வாளாவிருப்பவன் நியாசாபகாரத்தின் வாயிலில் நிற்கிறான் என்றே நாம் கருதுகிறோம். சிராவகன் இத்தொழிலைச் செய்வானாயின், ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் மடல் எழுத வேண்டும். தாங்கள் வைத்துள்ள பொருள் இன்னது, இதுகாறும் செலுத்திய வாடகை இவ்வளவு, இன்னும் இவை தங்களுக்கு வேண்டுமா என்று கேட்க வேண்டும். வாடிக்கையாளர் பலர் அறையைக் காலி செய்துவிடுவர், வருவாய் குறையும். குறையட்டும்.

அடுத்து, பற்றைப் பற்றிய கேள்வி. பரிக்கிரகம் என்பது பொருளின் அளவன்று, பொருளின்மேல் உள்ளத்துக்கு உண்டாகும் மயக்கமே பரிக்கிரகம் என்று அதே சூத்திர நூல் வரையறுக்கிறது. ஒரு வினையைத் தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் ஆகிய மூன்றையும் வினையாகவே எண்ணுவது நம் மரபு. வேற்றூர் மாறுவோர், வீட்டைப் பழுது பார்ப்போர், பெற்றோரை இழந்து அவர்தம் உடைமைகளை என்செய்வது என்று சில திங்கள் திகைத்து நிற்போர் ஆகியோர்க்குக் காலவரையறையுடன் இடந்தருவது உதவி. 'முதல் மாதம் வாடகையில்லை, எதையும் எறியாதீர், எல்லாவற்றையும் எம்மிடம் வையுங்கள்' என்று அழைப்பது செய்வித்தல். இவ்விரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே பூட்டுக்குள் நிகழக்கூடும். புறத்தே பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. நடத்துபவனுக்குத் தெரியும்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில், பொருள் வரைதல் விரதத்துக்குக் கூறும் அதிசாரங்களுள் 'அதிசங்கிரகம்' ஒன்று. தானியம் முதலியவற்றை ஆதாயம் கருதி அளவுகடந்து குவித்தல் என்று அதற்குப் பொருள் கொள்வர். அளவுக்கு மிஞ்சிய சுமையை ஏற்றுதலும் அவ்வரிசையில் உண்டு. இந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்ததே நம் அருங்கலச்செப்பு. இவ்விடத்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கரண்டம் என்றாலும் செப்பு என்றாலும் பெட்டி என்பதே பொருள். நம் பெரியோரும் ஒரு பெட்டியைத்தான் நமக்கு விட்டுச் சென்றனர். அதனுள் வைத்தவை நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகள். அப்பெட்டிக்கு வாடகை இல்லை. நம்மில் பலர் அதனைத் திறந்து பார்த்ததும் இல்லை.

குவித்து வைத்தல் கொலையில் முடியும் என்பதற்கு அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2016 ஜூன் 21 அன்று ஹாங்காங்கின் கவுலூன் பகுதியில், சேமிப்பறைகளாகத் தடுக்கப்பட்ட பழைய தொழிற்கூடக் கட்டடம் ஒன்றில் தீப்பற்றியது. நெருக்கமான அறைகள், ஒவ்வொன்றுக்கும் பூட்டு. உள்ளே இருப்பது என்ன என்பது தீயணைப்போருக்குத் தெரியாது. அறை அறையாக உடைத்துத் திறந்தே அவர்கள் முன்னேற வேண்டியிருந்தது. 108 மணி நேரம் எரிந்த அத்தீயில் தீயணைப்பு வீரர் இருவர் உயிர் நீத்தனர். எவரோ, என்றோ பயன்படும் என்று வைத்த பொருளுக்காக, அப்பொருளோடு யாதொரு தொடர்பும் இல்லாத இரண்டு குடும்பங்கள் தம் பிள்ளைகளை இழந்தன. பஞ்சேந்திரிய ஜீவனின் உயிர்ப்பலி பற்றி நாம் பேசுங்கால் ஆட்டையும் கோழியையும் மட்டுமே எண்ணுகிறோம்.

காரைக்கால் போன்ற கடலோரப் பகுதியில் கண்ணுக்குத் தெரியாத ஹிம்சையும் மிகுதி. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை அடைமழை. ஆண்டு முழுவதும் உப்புக்காற்று. 2008 நவம்பரில் நிஷா புயல் கரையைக் கடந்தது காரைக்காலை ஒட்டியே. 2018 நவம்பரில் வந்த கஜா அதற்குத் தெற்கே, நாகைக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கடந்தது. இத்தகைய ஈரத்தில் பஞ்சு மெத்தையில் பூஞ்சணம் பூக்கும். காகிதத்தில் இராமபாணப் பூச்சி தோன்றும். மரப்பலகையில் செல் அரிக்கும். தானியத்தை நெடுநாள் வைத்தால் அதில் திரச ஜீவன்கள் உண்டாகும் என்பதனால்தான் நம் இல்லத்துப் பெண்டிர் மழைக்கு முன்பே பருப்பையும் பயற்றையும் வெயிலில் காயவைத்து, வேப்பிலையும் நொச்சியிலையும் இட்டு, குதிரையும் பானையையும் மூடிவைத்தனர். தோன்றிய பின் கொல்லுதல் அன்று, தோன்றாமல் தடுத்தலே அம்முறையின் உயிர். கிடங்கு நடத்துவோர் நச்சுப்புகை இட்டுப் பூச்சிகளைக் கூட்டமாக மாய்ப்பர். சிராவகன் அதனைச் செய்யக்கூடாது. ஆதலின் உணவுப் பொருளையும் ஈரமுள்ளதையும் அவன் ஏற்கக்கூடாது. தரையிலிருந்து உயர்த்திய மேடை, காற்றோட்டம், ஒழுகாத கூரை ஆகியவற்றைக் கட்டடம் எழுப்பும்போதே அமைத்தல் வேண்டும்.

சிலர் குளிரூட்டிய அறையே தீர்வு என்பர். பயன்படாத கட்டிலுக்குக் குளிர்காற்று! அம்மின்சாரத்தில் பெரும்பகுதி நம் நாட்டில் இன்னும் நிலக்கரியிலிருந்தே பிறக்கிறது. காரைக்காலை அடுத்த வாஞ்சூரில் 2009-இல் செயற்படத் தொடங்கிய துறைமுகத்தில் வந்திறங்கும் முதன்மைச் சரக்கும் நிலக்கரியே. அதன் தூசு தம் இல்லங்களில் படிவதாக வாஞ்சூர், நாகூர் மக்கள் பன்முறை முறையிட்டுள்ளனர். நம் உடைமையில் படியாத தூசு பிறர் மூச்சில் படிவதை நம் கணக்கில் சேர்க்க வேண்டாவா?

இனி மறுசுழற்சிக்கு வருவோம். இதனை மேலைநாட்டார் கண்டுபிடிப்பு என்று எண்ணற்க. முனிவர்களின் ஐந்து சமிதிகளுள் ஆதான நிக்ஷேபண சமிதி என்பது ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்க்கு ஊறு நேராவண்ணம் பார்த்தல். உற்சர்க்க சமிதி என்பது கழிப்பதைக் கழிக்கும் இடத்தைப் பார்த்துக் கழித்தல். எடுத்தல், வைத்தல், கழித்தல் ஆகிய மூன்றுமே சேமிப்பறைத் தொழிலின் முழு வேலையும் ஆகும். முனிவர்க்குச் சொன்னதை முழுதும் கைக்கொள்ள நம்மால் ஆகாது. ஆயினும் இல்லறத்தார்க்கென 'அனர்த்த தண்ட விரதி' என்னும் குணவிரதம் உள்ளது. பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரைச் சிதறுதல், தீயை மூட்டுதல், மரஞ்செடிகளை முறித்தல் ஆகியவை அதன்கண் விலக்கப்பட்டன. ஆளில்லாத நடைவழியில் இரவு முழுதும் விளக்கெரிவது பயனில் தீவினைக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு உண்டோ? அவ்விளக்கை நாடி வரும் விட்டில்கள் எத்தனை? ஆள் வந்தால் மட்டும் எரியும் விளக்கைப் பொருத்துவோர் மின்கட்டணத்துக்காகச் செய்கின்றனர். நாம் அதையே விரதத்துக்காகச் செய்யலாம். பயன் இரண்டும் கிட்டும்.

அட்டைப் பெட்டி ஒரு மரத்தின் உடல். அதனைக் கூழாக்கி மீண்டும் அட்டையாக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் நார் குறுகிக்கொண்டே வருவதால், சில சுற்றுகளுக்குப் பின் அது பயன்படாது. எனவே கூழாக்குமுன் அதே பெட்டியைப் பல குடும்பங்கள் பயன்படுத்துவதே மேல். தெர்மோகோலுக்கு மாறாக நம் சோழமண்டலத்தில் மட்பாண்டங்களுக்கு இடையே வைக்கோலைச் செருகி வண்டியேற்றினர். அவ்வைக்கோல் பின்னர் மாட்டுக்கு உணவாயிற்று, எதுவும் வீணாகவில்லை. பழைய அலுமினியத்தை உருக்கினால், கனிமத்திலிருந்து புதிதாக எடுப்பதற்கு வேண்டும் ஆற்றலில் ஏறத்தாழ 95 விழுக்காடு மிச்சமாகும். காயலான் கடைக்காரரை நாம் ஏளனமாகப் பார்க்கிறோம். பிருதிவிகாயிக ஜீவன்களுக்கு நம்மினும் அவர் செய்யும் உபகாரம் மிகுதி. பழுதான கணிப்பொறி, கைப்பேசி முதலியவற்றை மட்டும் அங்குமிங்கும் கொடுத்துவிடலாகாது. செம்புக்காகக் கம்பியை எரிப்போர் உளர், அப்புகை நஞ்சு. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அவற்றைச் சேர்த்தல் வேண்டும்.

துணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றில், நளதீர்த்தத்தில் நீராடுவோர் உடுத்த ஆடையை அங்கேயே விட்டுச் செல்லும் வழக்கம் உண்டு. சனிப்பெயர்ச்சியின்போது கூட்டம் இலட்சக்கணக்கில் பெருகும். ஆடைகளும் மலையெனக் குவியும். பிறர் வழிபாட்டைக் குறைகூறுதல் அநேகாந்தம் கற்ற நமக்கு அழகன்று. விடுதல் என்னும் எண்ணத்தில் நமக்கும் அவர்க்கும் உடன்பாடே. ஆயின் விட்ட ஆடை எங்கே செல்கிறது என்பது எல்லாச் சமயத்தார்க்கும் உரிய வினா. பருத்தியாயின் மண்ணாகும். பாலியஸ்டர் கலந்ததாயின் நம் பேரன் காலத்திலும் கிடக்கும். நம் இல்லங்களில் மட்டும் என்ன? பழைய துணிக்குப் பாத்திரம் வாங்கிப் பரணை நிரப்புகிறோம். பரிக்கிரகம் உருமாறிற்றேயன்றிக் குறையவில்லை.

விடுதலின் செம்மையான முறையை நம் திகம்பர முனிவர்களிடம் காண்கிறோம். அவர்களின் உடைமை மயிற்பீலி, கமண்டலம், சாத்திரம் ஆகியவையே. பீலியும் மயில் தானே உதிர்த்த இறகுகளால் ஆனது; பறித்ததன்று. சாதுர்மாசம் முடிந்து புதிய பீலியை ஏற்கும்போது, பழையதை மூலையில் எறிவதில்லை. விரதம் ஏற்கும் ஒரு சிராவகர் அதனைப் பெற்றுக்கொள்கிறார். ஒரு பொருள் கைமாறும்போது ஒரு விரதமும் கைமாறுகிறது.

எனவே முன்னர் எழுப்பிய வினாவுக்கு நம் விடை இது. இத்தொழிலைச் சிராவகன் செய்யலாம், வரம்புகளோடு. காலவரையறையின்றிப் பொருளை ஏற்கக்கூடாது. தீப்பற்றுவனவும் புழு வைப்பனவும் கூடா. வாடகை நின்றுபோன அறையை உடனே ஏலம் விட்டு ஆதாயம் காணாமல், உரியவரைத் தேடி உரிய அவகாசம் தந்து, பின் விற்க நேரின் நிலுவை போக எஞ்சியதை அவர்க்கே சேர்ப்பிக்க வேண்டும். புகைப்படம், ஓலைச்சுவடி, குடும்பக் கடிதம் ஆகியவற்றை எந்நிலையிலும் விற்றல் ஆகாது. மறுசுழற்சி இவற்றுக்கெல்லாம் பின்னே வரும் ஒழுக்கம். அதனை முன்னே நிறுத்தி, அதன் மறைவில் மேலும் மேலும் குவிக்கச் செய்பவனுக்கு நம் சாத்திரத்தில் இடமில்லை.

வாடகை அறை எடுக்கும் நிலை நம்மில் பலர்க்கு இல்லை. பரண் உண்டு, மாடிப்படிக்குக் கீழே இருட்டறை உண்டு, ஊரில் பூட்டிய வீடு உண்டு. தசலட்சண நாள்களின் எட்டாம் நாள் தியாகத்துக்கும், ஒன்பதாம் நாள் ஆகிஞ்சன்யத்துக்கும் உரியன. இவ்வாண்டு எட்டாம் நாள் காலை, பூஜை முடிந்தபின், வீட்டார் அனைவரும் கூடிப் பரணைத் திறந்து, உள்ளவற்றை ஒரு தாளில் எழுதுக. ஈராண்டாகத் தொடாதவற்றைத் தனியே வைக்க. பித்தளையும் அலுமினியமும் காயலான் கடைக்கும், நல்ல ஆடைகள் தேவையுள்ளோர்க்கும், நூல்கள் அருகிலுள்ள நூலகத்துக்கும், சுவடியோ பழம்பதிப்போ இருப்பின் மேல்சித்தாமூர் மடத்துக்கும் எனப் பிரித்துக்கொள்க. ஒன்பதாம் நாள் மாலைக்குள் அவற்றைக் கொண்டுசேர்த்தல் நன்று. ஐப்பசி மழை அதற்குப்பின் தொலைவில் இல்லை.